ஆப்பண்ணை விழவிட்ட கோபுரம்

நிலநடுக்கம் வந்து யாழ்ப்பாணம் முழுவதும் ஆடினாலும் உரும்பிராயில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கை மட்டும் ஆடாது. அதற்கு நான் உத்தரவாதம். இங்கே ஆடக்கூடிய எல்லாவற்றுக்கும் கீழே ஆப்பண்ணை ஏற்கெனவே ஆப்பு வைத்துவிட்டார்.

தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனை வைப்பார்கள்; இவர் சீவிய மரத்துண்டுகள் வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மேசையை ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பார். ஆடினால் போச்சு, தேத்தண்ணி ஆற ஆறக் கீழே குனிந்துவிடுவார். ஒரு கலியாண வீட்டில் மணவறை லேசாக ஆடியது. கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் மனிசன் அதற்குக் கீழே.

"அண்ணை, தாலி கட்டப்போகினம். வெளியிலை வாங்கோ," என்று கெஞ்சினேன்.

"கட்டட்டும். ஆர் வேண்டாமெண்டது? ஆடாமல் கட்டட்டும்."

அந்தக் கலியாண வீடியோவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு உள்ளங்கால்கள் தெரியும். இப்போது லண்டனில் இருக்கும் அந்தத் தம்பதி இன்றும் அதைப் போட்டுப் பார்க்கிறார்களாம்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு, கடந்த நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து மகளும் ஏழு வயதுப் பேத்தி அபிராவும் வந்தார்கள். பிள்ளைக்குக் கூச்சம். 'அம்மப்பா' என்று ஒருமுறை கூப்பிடமாட்டாளா என்று இவர் தவம் கிடந்தார். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கினார், பனங்காய்ப் பணியாரம் சுடுவித்தார். தின்ன வாய் திறந்தவள் கதைக்கத் திறக்கவில்லை.

அவள் கொண்டுவந்த பெட்டியில் ஒரு விளையாட்டு இருந்தது. மரக்கட்டைகளை மூன்று மூன்றாக அடுக்கிக் கோபுரம் கட்ட வேண்டும். பிறகு ஆளுக்கொரு கட்டையாக நடுவிலிருந்து உருவி உச்சியில் வைக்க வேண்டும். யார் கையில் விழுகிறதோ அவர் தோற்றவர். ஆப்பண்ணையை வதைப்பதற்கென்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருந்தது. கோபுரம் சரியும்போதெல்லாம் அபிரா வீரிட்டுக் கத்துவாள்.

"தம்பி, உது விழ விழப் பிள்ளை கத்திக் குளறுது. எனக்கு நெஞ்சு பதறுது," என்றார் என்னிடம்.

"அது சந்தோசத்திலை, அண்ணை."

"சந்தோசத்திலை ஆரும் குளறுவினமோ?"

அடுத்த நாள் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தச்சர்மார் பாவிக்கும் வெள்ளைப் பசையால் கோபுரம் முழுவதையும் ஒட்டிவிட்டார். திரும்பி வந்த பிள்ளை ஒரு கட்டையைப் பிடித்து இழுத்தாள். கோபுரமே கையோடு வந்தது.

"இனி விழாது, குஞ்சு. புயலடிச்சாலும் விழாது," என்றார் பெருமையாக.

அபிரா அதை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இந்த முறை பணியாரத்துக்கும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விமானம்.

"பிழை விட்டிட்டன், தம்பி," என்று வந்து நின்றவரைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. இருவருமாகக் கோபுரத்தைக் கிணற்றடித் தொட்டிக்குள் ஊறப்போட்டோம். பசை விட்டது, கட்டைகள் வீங்கிவிட்டன. ஒடியலுக்குப் பனங்கிழங்கு காயவிடுவதுபோல முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பி, காகம் கலைக்கத் தடியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். காகத்துக்கு மரக்கட்டை எதற்கென்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவரே அடுக்கினார். ஒன்றுகூட நேராக இல்லை. கோபுரம் கள்ளுக் குடித்தவன் மாதிரி நின்றது.

"அப்பா, இது ஆடுதே," என்றாள் மகள்.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. கை வெறுமையாகத் திரும்பி வந்தது.

"ஆடட்டும்," என்றார்.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அபிரா மெல்ல வந்து உட்கார்ந்தாள். அவள் ஒன்று உருவினாள், மகள் ஒன்று உருவினாள். இவர் ஒரு விரலால் அடியில் ஒன்றைத் தொட்டார். எல்லாம் நிலத்தில்.

பிள்ளை வீரிட்டாள். அதைவிடப் பலமாக ஆப்பண்ணை வீரிட்டார். அபிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மப்பா, இன்னொருக்கா!"

அவர் குனிந்து கட்டை பொறுக்கினார், பொறுக்கினார், நிமிரவே இல்லை. சந்தோசத்திலும் குளறலாம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த வருசம் வந்து விளையாட வேண்டுமென்று பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஆப்பண்ணை ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிக்கொண்டிருக்கிறார். தவறாமல் தோற்கிறார்.

இதை எழுதும்போது என் மேசை ஆடுகிறது. அட்டை மடித்து வைக்க எனக்கும் தெரியும். வைக்கவில்லை. அவர் வந்தால் ஆப்பு வைப்பாரோ, ஆடட்டும் என்பாரோ, எனக்குத் தெரியாது. விளையாட்டை விட்டு ஒருநாள் அவர் இந்தப் பக்கம் வந்தால் போதும்.