துணைவர் ஓய்வு பெறும் வயது

கலியாணம் முடித்த நாளிலிருந்து முதன்முறையாக, கனகலிங்கத்தார் மனைவியைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தார். அறுபது வயதுவரை காத்திருக்கப்போவதில்லை. ஐம்பத்தேழிலேயே கந்தோருக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டோடு இருக்கப்போகிறார். இனி மேலதிகாரிக்குப் பல்லைக் காட்டவேண்டாம். கோப்புகளில் தூசி தட்டித் தும்மவேண்டாம். பத்து மணிக்கு ஒரு தேத்தண்ணி, மத்தியானம் மயிலிட்டி மீன் குழம்போடு சோறு, அதற்குப் பிறகு ஒரு குட்டித் தூக்கம். இப்படிச் சிங்கம்போல முடிவெடுத்தவர், அதை மனைவி மகாதேவியிடம் எப்படிச் சொல்வது என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

பயம் என்று நினைத்துவிடக்கூடாது. மரியாதை. மகாதேவியோடு வாய்கொடுத்து மீண்டவர் அந்த ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்பவர்கள் அவளைக் கண்டதும் தாங்களாகவே விலையைக் குறைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆகவே, மனிசன் வாயால் சொன்னால் எடுபடாததை மெசின் வாயால் சொல்லவைப்பது என்று கனகலிங்கத்தார் திட்டம் போட்டார். ஓய்வு விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மெல்பேணில் இருக்கும் மகள் தனுஷிகா ஒரு மென்பொருள் அனுப்பியிருந்தாள். பெயர் ‘ஓய்வுத் தோழன்’. வருமானம், வரி, முதலீடு எல்லாவற்றையும் அதற்குள் போட்டால், மிச்ச வாழ்க்கையை ஒரு கோடாகக் கீறிக் காட்டும். கோடு பச்சையாக இருந்தால் காசு இருக்கும்போதே நாம் போய்விடுவோம். சிவந்தால் நமக்கு முன்னால் காசு போய்விடும். அது தமிழிலும் கேள்வி கேட்டது. எந்த ஊர்த் தமிழ் என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கனகலிங்கத்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பென்சனைப் போட்டார். வங்கியில் கிடக்கும் வைப்பைப் போட்டார். அதன் வட்டியைப் போட்டார். வட்டிக்கு வரியை அது தானாகவே போட்டுக்கொண்டது. அந்த விசயத்தில் மெசின்கள் எல்லா ஊரிலும் கெட்டிக்காரர்கள். கோடு அறுபத்தாறு வயதில் செம்பரத்தம்பூவாகச் சிவந்தது.

அடுத்த கேள்வி, ‘உங்களிடம் பங்குகள் உண்டா?’ என்றிருந்தது.

இல்லாமலென்ன? வட்டுக்கோட்டைத் தோட்டக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கு இருக்கிறதே! ‘உண்டு’ என்று அடித்து, பெறுமதியையும் கொஞ்சம் தாராளமாகவே போட்டார். மென்பொருளுக்குக் கிணற்றுப் பங்கு தெரியாது. அது ஏதோ பெரிய கொம்பனிப் பங்கு என்று நினைத்துக்கொண்டு, கிணற்றை வருடத்துக்கு ஒன்பது வீதம் வளரவிட்டது. கோடு எண்பத்தைந்து வயதுவரை பச்சைப்பசேலென்று ஓடியது. கோடையில் வாளி அடியில் தட்டும் கிணறு, கனகலிங்கத்தாரின் கிழட்டுக் காலத்தில் சமுத்திரமாகிவிட்டது.

ஒரேயொரு கட்டம் மிச்சமிருந்தது. ‘துணைவர் ஓய்வு பெறும் வயது’. ‘அவ வேலைக்குப் போறதில்லை’ என்று எழுதினார். ஏற்கவில்லை. எண் மட்டும் வேண்டுமாம். வேலைக்கே போகாதவளுக்கு என்ன ஓய்வு? ஒரு பூச்சியத்தைத் தட்டினார். உடனே திரை முழுக்கக் கலர்க் கடதாசி பறந்து, என்னவோ எழுத்தும் வந்தது. பச்சைக் கோட்டைப் பார்த்த சந்தோசத்தில் அவர் அதை வாசிக்கவில்லை.

“இஞ்சாரும், மகாதேவி! ஒருக்கா வாரும்.”

“புட்டு அடுப்பிலை. அங்கையிருந்து சொல்லுங்கோ.”

“சொல்லுற விசயமில்லை. பாக்கிற விசயம்.”

மகாதேவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நான் சொன்னால் நீர் நம்பமாட்டீர். உது மெசின். உதுக்கு உம்மிலை பயமுமில்லை, என்னிலை இரக்கமுமில்லை. வரி, வட்டி, பென்சன் எல்லாம் பாத்துத்தான் கதைக்குது. நான் இந்த வருசமே ஓய்வு எடுக்கலாமாம்.”

“உது பிழை விடாதோ?”

“விடவே விடாது. சொன்னால் சொன்னதுதான்.”

“அப்ப உது சொல்லுறதை நாங்கள் ரெண்டுபேரும் கேக்கவேணும்?”

“கட்டாயம்!”

அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் விழுங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. மகாதேவி அவருடைய கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டாள். அவர் கீழேயிருந்த கோட்டைக் காட்ட, அவள் மேலேயிருந்து வாசித்தாள்.

“‘வாழ்த்துக்கள்! உங்கள் துணைவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார்.’ துணைவர் எண்டால் ஆர்?”

“நீர்தான்.”

“நான் ஓய்வு பெற்றிட்டனோ? எப்ப?”

“அது சும்மா ஒரு கட்டத்தை நிரப்பிறதுக்கு...”

“இஞ்சை பாருங்கோ. முப்பத்திரண்டு வருசமாப் புட்டவிக்கிறன். இந்த வீட்டிலை எனக்கு வாழ்த்துச் சொன்னது உது ஒண்டுதான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குரல் கொஞ்சம் கரகரத்தது. கோடு பச்சையாக இருந்தபடியால் அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை.

மகாதேவி போய் அவருடைய சாய்மனைக் கதிரையில் சாய்ந்தாள். காலையும் நீட்டினாள்.

“அப்ப புட்டு?”

“அது வேலையிலை இருக்கிறவை பாக்கிறது.”

புட்டுப்பானையில் தண்ணீர் வற்றிப் பானை கருகிய மணம் நாலு வீடு தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு உதயகலா ஓடிவந்தாள்.

“என்னக்கா, சுகமில்லையோ? குசினியிலை புகையுது, நீங்கள் கதிரையிலை கிடக்கிறியள்!”

“நான் ரிட்டயர் பண்ணிட்டன் பிள்ளை. கொம்பியூட்டரிலை வந்திட்டுது.”

“உண்மையாவோ? அண்ணை, எனக்கும் எப்ப எண்டு ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன்!”

அன்று மத்தியானமே ஒழுங்கையில் மூன்று வீட்டில் சோறு வேகவில்லை. பின்னேரம் உதயகலாவின் புருசன் கந்தப்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். கண் பஞ்சடைந்திருந்தது.

“அண்ணை, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன். உந்த மெசினை நிப்பாட்டுங்கோ. என்ரை மனிசி தனக்குப் பிரியாவிடை எப்ப எண்டு கேக்கிறாள்!”

கனகலிங்கத்தார் அசையவில்லை. குசினி என்ன பெரிய கந்தோரா? திங்கட்கிழமை தானே சொதி வைத்தார். அதைச் சோற்றில் விட்டு வைத்தபோது காகம் கிட்ட வந்து பார்த்துவிட்டு, கந்தப்பு வீட்டு மதிலுக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை தேங்காய் துருவினார். தேங்காய்ப்பூவில் பாதியும் பெருவிரல் தோலில் கொஞ்சமும் துருவுப்பட்டது. புதன்கிழமை அவர் மறுபடியும் மென்பொருளிடம் சரணடைந்தார்.

சமைக்க ஆள் வைத்தால் என்ன? கோடு அறுபத்தொன்றில் சிவந்தது. கடைச் சாப்பாடு எடுத்தால்? அறுபத்திரண்டு. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டால்? அறுபத்திநாலு. மகாதேவி செய்துகொண்டிருந்த வேலைக்கு அவர் அதுவரை போட்டிருந்த பெறுமதி, அதே பூச்சியம்தான். இப்போது அது ஒவ்வொரு கட்டமாக வந்து அவரைக் கடித்தது.

கடைசியில் ஒரு கட்டம் கண்ணில் பட்டது. ‘உங்கள் ஆயுள்’. எண்பத்தைந்து என்றிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுபதாக்கினார். சிவப்பு. அறுபத்தைந்து. சிவப்பு. அறுபது என்று அடித்ததும் கோடு பச்சையானது. அப்பாடா என்று மூச்சுவிட்டார்.

“என்ன, அறுபதிலை போறியளோ?” பின்னாலிருந்து குரல் வந்தது.

“கணக்குக்குத்தான்.”

“சாப்பாட்டுப் பார்சலுக்குப் பயந்து இருபத்தைஞ்சு வருசத்தை விட்டுக்குடுக்கிற மனிசனை நான் இப்பதான் பாக்கிறன். அப்ப நான்? வெள்ளைச் சீலையோடை ஓய்வு எடுக்கிறதோ? திருப்பி எண்பத்தைஞ்சைப் போடுங்கோ!”

போட்டார்.

“உதென்ன பங்கு?”

“அது... கிணறு.”

“எந்தக் கிணறு?”

“வட்டுக்கோட்டை...”

“அது என்ரை சீதனக் கிணறு. எப்ப உங்களுக்கு எழுதித் தந்தனான்? எடுங்கோ!”

எடுத்தார். சமுத்திரம் வற்றியது. இப்போது கோடு தொடங்கும்போதே சிவந்திருந்தது.

“மகாதேவி, எனக்கு ஏலாதப்பா.” மூன்று நாள் பட்டினியில் அவருடைய குரல் உள்ளே போயிருந்தது. “நீர் குசினிக்குத் திரும்பி வாரும்.”

“ஓய்வு பெற்றவை எப்பிடித் திரும்பி வாறது? உங்கடை கந்தோரிலை ஓய்வு பெற்ற கணக்காளர் எப்பிடி வந்தவர்?”

“கொந்தராத்திலை. வருசத்துக்கொரு ஒப்பந்தம்.”

“பென்சன் நிப்பாட்டினவையோ?”

“இல்லை. அதுவும் வரும்.”

“சம்பளம்?”

“அதுவும்தான்.”

“ம்ம். நல்ல ஒழுங்கு. அப்ப அடியுங்கோ.”

மகாதேவி சாய்ந்தபடியே சொல்லச் சொல்ல அவர் அடித்தார். முப்பத்திரண்டு வருடச் சேவைக்கு மாதம் ஒரு பென்சன். அதற்கு மேல் கொந்தராத்துச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை குசினி பூட்டு. இராச் சாப்பாட்டுக் கோப்பை கழுவுவது கொந்தராத்தில் அடங்காது. வருடா வருடம் கொந்தராத்தைப் புதுப்பிக்கவேண்டும், புதுப்பிக்கச் சொல்லி அவர்தான் கேட்கவேண்டும்.

“உவ்வளவுக்கும் நான் எங்கை போறது?” என்றார் கனகலிங்கத்தார்.

“என்னைக் கேக்காதையுங்கோ. பிழை விடாத மெசினைக் கேளுங்கோ.”

கேட்டார். தன்னுடைய ஓய்வு வயதை ஐம்பத்தெட்டு என்று போட்டார். சிவப்பு. ஐம்பத்தொன்பது. சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு அறுபது என்று தட்டினார். கோடு எண்பத்தைந்துவரை வழுக்கிக்கொண்டு பச்சையாக ஓடியது. ‘துணைவர் வருமானம்’ என்ற கட்டத்தில் மகாதேவியின் பென்சனும் சம்பளமும் வேறு தனியாக மினுங்கின.

வியாழக்கிழமை இரவு மீன் குழம்பு மணத்தது. கனகலிங்கத்தார் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, தன்னையறியாமல், “நல்லாயிருக்கு” என்றும் சொன்னார். மகாதேவி ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கொந்தராத்தில் மட்டும் ஒரு சதமும் குறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் சோற்றுப் பார்சலோடு படலையடியில் நின்றார். விண்ணப்பம் சேர்ட் பொக்கற்றுக்குள் மடித்தபடி கிடந்தது. ஒரு நப்பாசை.

“இஞ்சாரும், இண்டைக்குத்தான் கடைசி நாள். இதை என்ன செய்யிறது?”

“கிழிச்செறிஞ்சு போட்டுக் கெதியாப் போங்கோ,” என்றாள் மகாதேவி. “ஒரு வீட்டிலை ரெண்டுபேரும் ஓய்வு எடுத்தால், என்ரை சம்பளத்தை ஆர் தாறது?”