டென்மார்க்கு முறையில் ஒரு குடித்தனம்

என் வீட்டை டென்மார்க்காக மாற்றிவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தேன். ஊர் அரியலூர். மாதம் சித்திரை. வருஷம் எழுபத்தெட்டு. முடிவு செய்தபோது எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை.

காரணம், முதல் நாள் வந்த ஒரு கடுதாசி. என் மனைவி செங்கமலத்தின் தம்பி சிங்காரவேலு எறையூரிலிருந்து எழுதியிருந்தான். தங்கச்சி கண்ணகிக்கு மாசம் நெருங்கிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பிரசவம் பார்க்க அக்கா வந்து மூன்று மாசம் இருக்க வேண்டும்.

மூன்று மாசம்! எனக்குச் சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாது. போன தடவை அவள் பத்து நாள் பிறந்த வீட்டுக்குப் போனாள். ஓட்டல் சாப்பாட்டில் நான் இளைத்த இளைப்புக்கு பெல்ட்டில் ஆணியடித்துப் புதுசாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. மூன்று மாசம் என்றால் பெல்ட்டு பூராவும் ஓட்டைதான்.

"போறியா?" என்று கேட்டேன்.

"யோசிக்கணும். சனிக்கிழமைக்குள்ள சொல்றேன்," என்றாள்.

'போகக் கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்வதுதானே என்பீர்கள். என் பெயர் ராசாங்கம். ஆட்சி அவளுடையது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் கூடாது என்று சொன்ன காரியம் எதுவும் நடக்காமல் இருந்ததில்லை.

நான் சிமெண்டு ஆலையில் ஸ்டோர் குமாஸ்தா. அங்கே சூளை பூட்டுவதற்கு நீல்சன் என்று ஒரு டென்மார்க்கு இஞ்சினியர் வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கையெழுத்துக்காக அவர் தங்கியிருந்த கெஸ்ட் அவுசுக்குப் போனேன். ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. லைட்டை அணைத்துவிட்டு நாலு மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார். காலில் கம்பளி உறை, மடியில் கம்பளிப் போர்வை, கையில் காப்பி. வேர்த்துக் கொட்டியது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இதற்குப் பெயர் ஹூகே என்றார். அந்த வார்த்தையை வாயில் நுழைக்க எனக்கு அரை மணி நேரமாயிற்று. அவர் ஊரில் வீட்டை இப்படி இதமாக்கி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துவிடுவார்களாம். அப்புறம் யாருக்கும் வாசப்படி தாண்ட மனசே வராதாம்.

"பெஞ்சாதிக்கு?" என்று கேட்டேன்.

"அவளுக்குத்தான் முதலில்," என்றார். என்னுடைய இங்கிலீசுக்கு அப்படித்தான் புரிந்தது. கையெழுத்தை மறந்துவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போய் ஆறு மெழுகுவத்தி வாங்கினேன்.

சாயங்காலம் கூடத்தின் ஜன்னல்களைச் சாத்தி, லைட்டை அணைத்து, மெழுகுவத்திகளை ஏற்றினேன். பிள்ளைகள் லீவுக்கு என் அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் கேள்வி கேட்க ஆள் இல்லை. செங்கமலம் ஒருத்திதான்.

"என்னங்க இது? பீஸ் போயிடுச்சா?"

"இல்ல. நான்தான் அணைச்சேன். இதமா இருக்கும், உக்காரு."

"உலை வெச்சிருக்கேன்."

"அதெல்லாம் கூடாது. ஒருத்தர் அடுப்படியிலயும் ஒருத்தர் கூடத்துலயும் கெடந்தா அது ஹூகே இல்ல."

உட்கார்ந்தாள். கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டேன். அதை மடித்து முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. அடுத்து?"

"சூடா காப்பி குடிக்கணும்."

"குடிப்போம்." ஆனால் எழுந்திருக்கவில்லை.

"காப்பி..." என்று இழுத்தேன்.

"நான் எழுந்தா அது இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க? அந்த ஊர்ல யாரு போடுவா?"

நீல்சன் தானேதான் போட்டுக் குடித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆம்பளைதான்."

"அப்ப பொடி ரெண்டாவது தட்டுல இருக்கு. பாலை முதல்ல அடுப்புல வைங்க."

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்தாள். முதல் டம்ளர் கஷாயம். இரண்டாவது வெறும் பால். மூன்றாவதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஆகா, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவளே வந்து கம்பளியில் சாய்ந்தாள். "அந்த ஊர்ல சோறு யாரு வடிப்பா?" என்றாள். சோறு வடித்தேன். கஞ்சி கொஞ்சம் பானையிலும் மிச்சம் என் கையிலும் வடிந்தது. "பாத்திரம்?" என்றாள். கழுவினேன். சாம்பல் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வருமாம். எனக்கு அது முப்பத்தெட்டு வயசு வரைக்கும் தெரியாது.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பஞ்சநாதன் வந்தார். வழக்கமாகத் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருகிற ஆள். அன்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து, என் இரண்டு கையையும் தொட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். அவர்களும் கையைத் தொட்டார்கள். உட்கார்ந்தார்கள். யாரும் வாயே திறக்கவில்லை.

எனக்கு மெய்சிலிர்த்தது. நீல்சன் சொன்னது அப்படியே பலிக்கிறது! ஊரே ஹூகேக்கு வந்துவிட்டது!

"காப்பி போடட்டுமா? நானே போடறேன்," என்றேன்.

பஞ்சநாதன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்குங்க."

கால் மணி நேரம் இருந்தார்கள். எழுந்தார்கள். ஒருத்தர்கூடப் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் நடந்தார்கள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அப்படிச் சொல்லாமல் கிளம்புகிற இடம் ஒன்றே ஒன்றுதான். வாசலுக்கு ஓடினேன்.

"என்ன பஞ்சநாதன், சொல்லிக்காம போறீங்க?"

"துக்க வூட்டுல எப்படிங்க சொல்லிக்கிறது?"

"யாரு வூட்டுத் துக்கம்?"

"மறைக்காதீங்க. எறையூர்லேந்து கடுதாசி வந்திருக்கு. விளக்கு வைக்கிற நேரத்துல வூடு இருட்டாக் கெடக்கு. கூடத்துல மட்டும் மினுக்குன்னு எரியுது. செங்கமலம் தங்கச்சி மூலையில சாஞ்சு கெடக்குது. நீங்க அடுப்படியில நிக்கிறீங்க. நீங்க! அடுப்படியில! பெரிய அடி விழாம இது நடக்குமா? மாமியாருதானே?"

உள்ளேயிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. "எங்கம்மா கல்லு மாதிரி இருக்காங்க அண்ணே! காதுல விழுந்துச்சுன்னா முழங்கால் வலியோட நடந்தே வந்து உங்களை ஒதைப்பாங்க!"

அடுத்த நிமிஷம் வீட்டிலிருந்த அத்தனை லைட்டும் எரிந்தது. ஆறு மெழுகுவத்தியும் குப்பைக்குப் போயிற்று. தொலைந்தது, இந்தக் கோபத்திலேயே நாளைக்குப் பெட்டியைத் தூக்கிவிடுவாள் என்று பயந்துபோனேன். ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. நான் வடித்த சோறு என்பது இன்னொரு காரணம்.

ஆனால் வெள்ளிக்கிழமை அவள் கோபமாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"மெழுகுவத்தி மட்டும் வேணாங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு, விட்டுடாதீங்க. அந்த ஊர்ல காப்பியை விட்டா வேற என்ன குடிப்பாங்க?"

"சூப்பு."

"அதான் நம்ம ஊரு ரசம். புளி அந்தப் பானையில இருக்கு. மிளகு, சீரகத்தை நசுக்குங்க. பொங்க விடாதீங்க, நுரை கட்டுனதும் இறக்கிடணும்."

நசுக்கினேன். நுரை கட்டியது. இறக்கினேன். உள்ளங்கையில் விட்டு உறிஞ்சிப் பார்த்தாள். இன்னொரு தரம் கையை நீட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் என்னுடைய எந்தக் காரியத்துக்கும் அவள் இரண்டாவது தரம் கை நீட்டியது கிடையாது.

"இப்படி இதமா இருக்கற வூட்டை விட்டுட்டு யாருக்காவது கிளம்ப மனசு வருமாங்க?" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மிளகுக் காரம் கொஞ்சம், மிச்சம் சந்தோஷம். டென்மார்க்கு இருக்கும் திசை எது என்று தெரியாததால் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன்.

சனிக்கிழமை காலையில் வாசலில் சிங்காரவேலு நின்றான். அவன் பக்கத்தில் செங்கமலத்தின் டிரங்குப் பெட்டி. அதன் பக்கத்தில் தலை நிறைய பூவோடு செங்கமலம்.

"கிளம்ப யாருக்கும் மனசு வராதுன்னியே!" என்று அலறினேன்.

"அதுக்குத்தாங்க சொன்னேன். நீங்க எங்கயும் கிளம்பாம இங்கயே சவுக்கியமா இருங்க. ஒண்ணும் தெரியாத மனுசனை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்ப நிம்மதி."

நான் மச்சானைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, அவ வரேன்னு இன்னும் சொல்லவே இல்ல. நீ எதுக்குடா வந்து நிக்கிற?"

"என்ன மாமா, அக்கா புதன்கிழமையே கடுதாசி போட்டுடுச்சே!" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்துக் கொடுத்தான். செங்கமலத்தின் கையெழுத்து. இரண்டே வரி.

"சனிக்கிழமை வந்து கூட்டிக்கிட்டுப் போ. மாமா காப்பியில பாஸாயிட்டாரு. வெள்ளிக்குள்ள ரசம் வெக்க வெச்சுடறேன்."