புகார் சொல்லப் போய் வாங்கி வந்த சீட்டு

பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தால் எனக்கு வயது ஏழாகிவிடும். இதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. (இருந்த வெட்கமெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.)

தொண்ணூறுகளின் கடைசியில் ஈஜிபுராவில் குடியிருந்தோம். நான் கார்மென்ட்ஸில் கட்டிங் மாஸ்டர். மகள் நந்தினி பக்கத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். போர்டு சரியாகத் தெரியாமல் கணக்கைத் தப்பாக எழுதி வருவாள். டைரியில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்புவார்கள். நேரில் போய்ப் புகார் சொல்வது என்று முடிவு செய்தேன்.

“கிளாஸ் மிஸ்கிட்ட சொன்னா போதுங்க,” என்றாள் என் மனைவி பிரேமா. எனக்கோ பிரின்ஸிபாலுக்குக் குறைந்து யாரிடமும் பேச மனமில்லை.

டிசம்பர் காலை. பனியில் தெருவே பாதி அழிந்திருந்தது. நான்கு இங்கிலீஷ் வாக்கியங்களை மனதுக்குள் உருட்டியபடி மிதந்து போனேன். கற்பனையில் பிரின்ஸிபால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நானும் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன்.

வராந்தாவில் பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேருக்குக் குறையா என்று ஆறுதலாக இருந்தது. ஆபீஸ் அம்மா, “பேரண்ட்ஸா? இல்லி கூத்கொள்ளி,” என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டி ஒரு பாரத்தை நீட்டினார். தந்தையின் படிப்பு, தாயின் படிப்பு, வீட்டில் பேசும் மொழி. (புகார் சொல்லக்கூடத் தகுதி பார்க்கிறார்களே, பெரிய பள்ளிதான்.) ஏதோ ஒரு வகுப்பிலிருந்து வாய்ப்பாடு தாலாட்டு போல வந்துகொண்டிருந்தது. பாதி பாரத்தில் கண் சொக்கிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் விழித்தேன்.

“உங்க பிள்ளை யாராச்சும் இங்க படிக்குதா?” என்றார் பிரின்ஸிபால்.

“செகண்ட் பி, மேடம்.”

“ஹோம்வொர்க் யார் பார்த்துக்கறது?”

“நான்தான் மேடம். டெய்லி.” (பொய்.)

“ஸ்கூல்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்க?”

இதற்காகத்தான் வந்திருந்தேன். நான்கு வாக்கியங்களும் ஓடிப்போயின. கையைக் கட்டிக்கொண்டு, “எல்லாம் நல்லா இருக்கு மேடம்,” என்றேன்.

“அப்ப பிரச்சனையே இல்ல. ஜூன்ல கூட்டிட்டு வாங்க,” என்று ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜூனில் பெஞ்சை மாற்றிவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பிரேமா சீட்டைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இது எல்.கே.ஜி. அட்மிஷனுங்க. யாருக்கு?”

எங்களுக்கு அப்போது நந்தினி ஒரே பிள்ளை. அவள் சிரிக்கவில்லை. “அப்போ என் பெஞ்ச் பத்தி சொல்லலியாப்பா?” என்றாள். அதை நினைத்தால் இன்றும் கூனிக் குறுகிப் போகிறேன்.

மறுநாள் பிரேமா பள்ளி கேட்டிலேயே கிளாஸ் மிஸ்ஸைப் பிடித்தாள். “மிஸ், இவளுக்கு போர்டு தெரியல. கொஞ்சம் முன்னால உக்கார வைங்க.” இரண்டு நிமிஷம். நந்தினி முதல் பெஞ்சுக்குப் போனாள். சிவப்பு மையும் நின்றது.

அடுத்த வருஷம் அருண் பிறந்தான். அப்பா சீட்டு வாங்கி வைத்துவிட்டுத்தான் பிள்ளையைப் பெற்றார் என்று எங்கள் வீட்டு விசேஷங்களில் அவனை அறிமுகம் செய்வார்கள்.

போன மாதம் நந்தினி, தன் மகளின் பள்ளியில் ஏதோ பிரச்சனை என்றாள். நான் போய்க் கேட்கட்டுமா என்றேன்.

“வேணாம்பா,” என்றாள். “எனக்கு ஒரு பிள்ளை போதும்.”