மைக் ஆனில் இருந்த வெள்ளிக்கிழமை

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். விளையாட்டுப் போட்டிகளை நேரலையில் ஒளிபரப்பும் நிறுவனத்தின் உரிமையாளனான நான், வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடித்தது கிடையாது. ஸ்கூலில் என்னை டீமில் சேர்த்தது தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொள்ளத்தான். (அதிலும் ரெண்டு தொலைந்துபோனது.)

எங்கள் வீட்டில் விளையாட்டெல்லாம் ஆரோக்கியம் அண்ணனோடு சரி. எங்கள் பாலக்கரை வாலிபால் டீமில் வலைக்கு மேலே அரை உடம்பு தெரியக் குதித்து அடிப்பவர் அவர்தான். பிறகு சூப்பர்வைசர் வேலை என்று சொல்லி மஸ்கட்டுக்குப் போனார். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் ஃபோன் செய்வார். யார் ஜெயித்தது என்று சொல்வேன். எப்படி ஜெயித்தார்கள் என்று கேட்பார். "பந்து அந்தப் பக்கம் விழுந்துச்சுண்ணே" என்பேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். எத்தனை வருஷத்துக்குத்தான் அந்தப் பெருமூச்சைக் கேட்பது? மன்னார்புரத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஒரு கேமரா வாங்கினேன். திருச்சி விளையாட்டை உலகத்துக்கே காட்டப் போவதாக எல்லோரிடமும் சொன்னேன். நான் நினைத்த உலகம் மஸ்கட்டில் ஒரு அறையில் இருந்தது.

கம்பெனி என்றால் நானும் ஸ்ரீரங்கத்து நண்பன் ரங்கராஜனும்தான். ஆனால் விசிட்டிங் கார்டில் சென்னையில் ஸ்டுடியோ இருப்பதாகப் போட்டுக்கொண்டேன். அப்போது உறையூரில் ஒரு வாத்தியார் வீட்டில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அந்த ஸ்டுடியோவைப் பற்றி வாத்தியார் ஆர்வமாக விசாரித்தார். மூன்று மாடி என்று சொல்லிவிட்டேன். (ஒரு மாடியோடு நிறுத்தியிருக்கலாம்.)

எங்கள் முதல் நேரலை, பொங்கல் லீவில் வந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரையை ஒட்டிய கிரவுண்டில் நடந்த வாலிபால் ஃபைனல். பாலக்கரை டீமும் ஆடியது. வெள்ளிக்கிழமை என்பதால் மஸ்கட்டில் அண்ணனுக்கும் லீவு. வீட்டில் அம்மா டிவியில் எங்கள் சேனலைப் போட்டு, தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். உறையூரிலும் வாத்தியார் குடும்பத்தோடு பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கமெண்டரி சொல்ல ஏற்பாடு செய்திருந்த பி.டி. மாஸ்டருக்கு அன்று காலையிலிருந்து தொண்டையில் சத்தமே வரவில்லை. வேறு வழியில்லாமல் மைக்கை நானே பிடித்தேன். முதல் பாயிண்ட் விழுந்ததும் "கோல்" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அண்ணனிடமிருந்து ஃபோன் வந்தது. வாயை மூடிக்கொண்டு படத்தை மட்டும் காட்டச் சொன்னார்.

படமும் நிலைக்கவில்லை. கூட்டத்தில் யாரோ கால் தடுக்கி, கேமராவின் வயர் பிடுங்கிக்கொண்டது. திரையில் லைன் அம்பயர் தன் கொடிக்கம்பால் முதுகு சொறியும் காட்சி அப்படியே உறைந்து நின்றது. "எல்லாம் போயிடுத்துடா" என்று ரங்கராஜன் தலையில் கைவைத்துக்கொண்டு வேறு வயர் தேடி ஓடினான். நேரலையே அறுந்துவிட்டது என்று நானும் நம்பினேன். படம் நின்றதும் சேனலை மூடிவிட்டு அண்ணன் மறுபடி கூப்பிட்டார். அழாத குறையாக விஷயத்தைச் சொல்லி, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். மைக்குக்குப் பக்கத்தில்.

"சரி விடு. நீ பாத்து சொல்லு, நான் பாத்துக்கிறேன்" என்றார் அண்ணன்.

முன்னால் நிற்பவன் எந்தக் கையால் அடிக்கிறான், எதிர் டீம் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். அடுத்த பந்தை அவன் அடிக்க மாட்டான், ஓங்கிவிட்டு மெதுவாகத் தட்டிவிடுவான் என்றார். அப்படியே நடந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பந்து விழும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாலிபால் இவ்வளவு அழகான ஆட்டம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

செட்டுக்கு நடுவில் விட்ட இடைவெளியில் அவர் குரல் தணிந்தது. "கொள்ளிடத்துப் பக்கத்திலேருந்து காத்து வருமே, இப்ப வருதா?"

"வருதுண்ணே."

"ஃபோனைத் தூக்கிப் பிடி."

தூக்கிப் பிடித்தேன். பிறகு மேஜையில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாதடா. நான் சூப்பர்வைசர் எல்லாம் இல்ல. கிடங்குல பெட்டி தூக்குறேன். முட்டி போயிடுச்சு. இனிமே குதிக்க முடியாது."

ஆறுதலாக இருக்கட்டும் என்று என் பங்குக்கு நானும் கொட்டினேன். சென்னையில் ஸ்டுடியோ கிடையாது, மூன்று மாடி கிடையாது, ரங்கராஜன் வீட்டுக் கார் ஷெட்தான் கம்பெனி, வாத்தியாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றேன். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அப்போது ரங்கராஜன் தன் ஃபோனை நீட்டியபடி வந்தான். முகம் வெளிறியிருந்தது. "உங்கம்மா லைன்ல இருக்கா. அண்ணா முட்டிக்கு எண்ணெய் தடவறாரான்னு கேக்கச் சொல்றா."

எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. அறுந்தது படம் மட்டும்தான். பாலக்கரையும் உறையூரும் முதுகு சொறியும் அம்பயரைப் பார்த்துக்கொண்டே எங்கள் குடும்ப ரகசியம் முழுவதையும் கேட்டு முடித்திருந்தன. அண்ணனிடம் சொன்னேன். "தடவுறேன்னு சொல்லு" என்றார்.

மேட்சில் பாலக்கரை தோற்றது. உறையூர் சம்பந்தமும் அன்றோடு முடிந்தது. பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு எங்கள் வீட்டில் முதலில் சொல்லப்பட்ட கதை இதுதான். இன்றைக்கும் வீட்டில் யாராவது ரகசியம் பேச வாயெடுத்தால், என் பக்கம் திரும்பி, "மைக்கை ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்ட பிறகுதான் ஆரம்பிப்பார்கள். மனைவியும் கேட்கிறாள்.

ஆனால் அடுத்த மேட்சுக்கு எங்களைக் கூப்பிட்டவர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்கள். படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அந்த அண்ணன் பேச வேண்டும். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மேட்சுகளுக்கு மஸ்கட்டிலிருந்து அவர்தான் கமெண்டரி. முட்டியைச் சொல்லி ஊருக்கு வந்துவிடச் சொன்னோம். இன்னும் ரெண்டு வருஷம் என்கிறார். அதையேதான் போன வருஷமும் சொன்னார்.

போன வாரம் மேட்ச் முடிந்ததும், ஒரு பழைய ஆட்டக்காரர் எங்கள் மேஜையைத் தேடி வந்தார். கமெண்டரி சொன்னவருக்குக் கை கொடுக்க வேண்டுமாம். நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க தம்பி, வெளிய போயிருக்காரா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "வெளியதான் போயிருக்காரு."