மிருதுவான கன்னங்களுக்கு உரியவரே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அங்கே எல்லோரும் நலம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் தொலைபேசியில் சொல்லியிருப்பாய். இங்கும் நலம்தான்.

நீ வீடு காலி செய்தபோது அனுப்பிய பெட்டியில், அந்தக் காலத்துச் சோப்புக் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்த சீட்டுக்கட்டு இருந்தது. "குப்பை, தூக்கிப் போடு" என்று எழுதியிருந்தாய். போட்டிருப்பேன். விளம்பரம் என்றாலே ஏமாற்று வேலை என்று கல்லூரியில் பாடம் சொல்பவள் நான். ஆனால் அன்று மாலை மின்சாரம் போய்விட்டது, கூடத்தில் நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பார்த்தபடி என்றது தவறு. உன் அத்தானும் அவர் தம்பியும்தான் பார்த்துக்கொள்வதே இல்லையே. மொட்டைமாடிக் கதவைத் திறந்துபோட்டது யார் என்ற சண்டை. மழையில் நனைந்த மெத்தை காய்ந்து ஒரு வருடமாகிறது, பேச்சு மட்டும் இல்லை. ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே, "அவனை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் இவர். "கை எட்டலைன்னு சொல்லுங்க அண்ணி" என்பான் அவன். மாதக் கடைசியில் அவர்கள் வேறு வீட்டுக்குப் போவதென்று முடிவாகி, லாரிக்கும் சொல்லியாகிவிட்டது. என் ஓரகத்தி பாத்திரங்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

மெழுகுவத்தியை ஏற்றி, அந்தச் சீட்டுக்கட்டைப் பிரித்து நடுவில் வைத்தேன். ஆட்டம் எளிது. கம்பெனியின் ஒரே பொருளின் படம் போட்ட நான்கு சீட்டுகளைச் சேர்க்க வேண்டும். இல்லாததை மற்றவரிடம் கேட்டு வாங்கலாம். ஆனால் விதி இருக்கிறதே! எதிராளியின் முகத்தை நேராகப் பார்த்து, சீட்டில் அச்சிட்ட விளம்பர வாசகத்தை ஒரு சொல் விடாமல் சொல்லி, கூடவே 'தயவுசெய்து' சேர்த்துக் கேட்க வேண்டும். உன் அத்தானிடம் சவரச் சோப்பு மூன்று சேர்ந்துவிட்டது. நான்காவது என்னிடமும் இல்லை, ஓரகத்தியிடமும் இல்லை.

"அவன்கிட்ட கேளு" என்றார் என்னிடம்.

"ஆட்டத்துல தூது கிடையாது" என்றேன்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தம்பியைப் பார்த்து, "மிருதுவான கன்னங்களுக்கு உரியவரே, காலைப் பனி போல் நுரைக்கும் சவரச் சோப்பு தங்களிடம் உள்ளதா, தயவுசெய்து?" என்றார். அவன் சவரம் செய்தே நாளாகியிருந்தது. விறைப்பாக, "மன்னிக்கவும், சரக்கு இல்லை" என்றான்.

"டேய், பொய் சொல்லாதே! நீ சீட்டை அடுக்கும்போது நுரை தெரிஞ்சுதுடா!"

"அப்போ நீ எட்டிப் பாத்தியாண்ணா?"

"மாடிக் கதவு விஷயத்துலயும் இப்படித்தானே சாதிச்சே!"

"சரி, நான்தான் திறந்துபோட்டேன். இப்ப என்னங்கறே? இந்தா, பிடி உன் சீட்டை!"

ஓரகத்தி சிரித்த சிரிப்பில் மெழுகுவத்தி அணைந்துவிட்டது. மறுநாள் லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இந்த விதியை எழுதிய விளம்பரக்காரர் யாரோ. சோப்பு விற்கத்தான் எழுதினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இத்தனை படித்துவிட்டு ஒரு வருடம் உப்புக்குத் தூது போன எனக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லையே! படங்களும் லேசுப்பட்டவை அல்ல: சவரம் செய்துகொண்டவர் நான்கு சீட்டிலும் நான்கு விதமாகத் தன் கன்னத்தைத் தானே மெச்சிக்கொள்கிறார்.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும். இனி எதைக் குப்பை என்று நினைத்தாலும் முதலில் எனக்கு அனுப்பு.

உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நேற்றைய ஆட்டத்தில் அண்ணனும் தம்பியும் 'தயவுசெய்து' சொல்லாமல் கேட்டார்கள். இருவர் முறையையும் ரத்து செய்தேன். இப்போது இருவரும் ஒற்றுமையாக என்னோடு பேசுவதில்லை. சேர்ந்து வேறு வீடு பார்க்கப்போகிறார்களாம். தாராளமாகப் பார்க்கட்டும், சீட்டுக்கட்டைத் தர மாட்டோம் என்று ஓரகத்தியும் நானும் சொல்லிவிட்டோம்.