சாக மறுக்கும் செல்கள் குறித்து மச்சானுக்கு விளக்கம்

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; உன் அக்காவைத் தவிர என்று சேர்த்துப் படித்துக்கொள். அங்கு நீயும் குழந்தைகளும் சுகம்தானே? என் அக்கா உனக்கு ஃபோன் செய்து அழுதாளாம். அவள் சொன்ன எதையும் நம்பாதே. ஃபோனில் பேசி நான் பட்டது போதும், அதனால்தான் கடிதம்.

உன் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து மருந்து ஏற்றுவது உனக்குத் தெரியும். போன வாரம் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, கட்டி கொஞ்சமும் சுருங்கவில்லை என்றார். மில்லில் ஃபியூஸ் மாற்றியே தலை நரைத்தவன் நான், காரணம் தெரியாமல் எழுந்து வருவேனா, ஏன் என்று கேட்டேன். கெட்டுப்போன செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், எல்லோர் உடம்பிலும் தினமும் நடக்கிற காரியம்தான், இந்தக் கட்டியில் ஒரு புரதம் அதைத் தடுக்கிறது, மருந்து கொடுத்தாலும் செல் சாகாமல் பெருகுகிறது என்றார்.

"ஃபியூஸ் இருக்கற இடத்துல யாரோ தடிக் கம்பியைச் சுத்தி வெச்ச மாதிரியா? எரிய வேண்டியது எரியாம?" என்றேன்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா செல் சாகறதுக்கு ஒரு வழி இல்லைங்க, பல வழி இருக்கு. மருந்தை மாத்தி வேற வழியில பாக்கலாம்."

"சாகறதுக்கு இத்தனை வழியா?" என்றாள் உன் அக்கா, கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே. சிரிப்பதா வேண்டாமா என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை.

எல்லாம் புரிந்துவிட்ட கர்வத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றே என் அக்காவுக்கு ஃபோன் போட்டேன், பக்கத்தில் ஆம்புலன்ஸ் அலறுகிறது, நானும் கத்துகிறேன்: "சாகணும்க்கா, அதுதான் நல்லது, சாகமாட்டேங்குதேன்னுதான் டாக்டருக்கே கவலை." மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டேன். மறுநாள் காலை அக்கா, அவள் வீட்டுக்காரர், சம்பந்தியம்மாள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள், படியேறும்போதே ஒப்பாரி. கதவைத் திறந்தவள் உன் அக்கா, கையில் பிழிந்த துணியோடு.

"உள்ள வாங்க அண்ணி. நான் இன்னும் சாகலை. அதுதான் டாக்டருக்கே கவலைன்னு உங்க தம்பி சொன்னாராமே."

வந்தவர்களுக்கெல்லாம் அவளே காப்பி போட்டாள். குடித்துக்கொண்டே, இதே நோயில் போய்ச்சேர்ந்தவர்களின் கதைகளை அவளுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "சொன்ன பேச்சு கேக்கற முடியெல்லாம் கொட்டிப்போச்சு. கேக்காதது மட்டும் உள்ளேயே உக்காந்திருக்கு," என்றாள். டம்ளர்களைக் கழுவப் போனேன், அதிலும் ஒன்றைக் கீழே போட்டு உடைத்தேன்.

திங்கட்கிழமை முதல் புது மருந்து. பலிக்கும் என்று டாக்டரம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் நீ பதறாதே. லீவு போட்டு அவ்வளவு தூரம் வர வேண்டாம். உன் அக்கா நெஞ்சழுத்தக்காரி. கூட நானும் இருக்கிறேன்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடி அண்டாமல் வளர எங்கள் இருவரின் ஆசியும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். வேன் வந்த இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். படித்து முடித்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "தம்பியை வரச் சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு," என்றாள். உடனே கிளம்பி வா.