டிஸ்ட்ரிபியூட்டருக்கு வைத்த பொட்டு

நன்றாக ஓடுகிற வண்டியின் பானட்டைத் திறந்து பார்ப்பது ஒரு வியாதி. எழுபதுகளின் கடைசியில் எனக்கு அது முற்றியிருந்தது. (கல்யாணம் ஆனால் குறையும் என்றார்கள். பொய்.)

கார் என் தாய்மாமாவுடையது. விஜயதசமியன்று என் தங்கை வசந்தாவைப் பெண் பார்க்க செங்கத்திலிருந்து வருகிறவர்களை, பஸ் ஸ்டாண்டிலிருந்து அடி அண்ணாமலைக்கு அழைத்து வருவதற்காக முன்கூட்டியே எங்கள் வீட்டில் விட்டிருந்தார். ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள். அந்த நேரம் பார்த்துத்தான் வண்டிக்கு வேகம் போதவில்லை என்று எனக்குப் பட்டது.

டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பினால் பிளக்கில் பொறி சற்று முன்னதாக விழும், வண்டி பறக்கும். இது நான் டீக்கடையில் கற்ற பொறியியல். பழைய இடத்துக்குத் திரும்ப அடையாளம் வேண்டுமே! குங்குமத்தைக் குழைத்து, பாதி டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் பாதி என்ஜின் மேலுமாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத் திருப்பினேன். வண்டி பறக்கத்தான் செய்தது. கூடவே என்ஜினுக்குள் யாரோ ஆணி அடிக்கிற சத்தம். உடனே பழையபடி வைத்திருப்பேன். ஆனால் அதற்குள் அம்மா ஸ்பேனரை ஆயுதபூஜைக்கு அடுக்கிவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது.

விஜயதசமி காலை ஸ்பேனரோடு போய் பானட்டைத் திறந்தால், என்ஜின் முழுக்கப் பொட்டு. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி ஒரு மாலையே இருந்தது. வசந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அங்க ஒரு பொட்டு உடைஞ்சி ரெண்டா கிடந்துச்சுண்ணா. அதான் தொடச்சிட்டு நல்லா சுத்தி வச்சேன்" என்றாள்.

பெண் பார்க்க வரும் நாளில் திட்டவா முடியும்? குத்துமதிப்பாகத் திருப்பினேன். பொறி விழும் நேரம் ரொம்பவே பின்னால் போய்விட்டது.

மாப்பிள்ளையையும் அவர் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் சைலன்சர் வெடித்தது. மறுபடி வெடித்தது. கிரிவலப் பாதையில் குரங்குகள் மரமேறின. மாப்பிள்ளையின் அப்பா கூச்சத்துடன், "வெடியெல்லாம் எதுக்குத் தம்பி, சும்மா பாத்துட்டுப் போகத்தானே வந்தோம்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்து வைத்தேன். கொஞ்ச தூரத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. பானட்டைத் திறந்த மாப்பிள்ளை, ஆவிக்கு நடுவே வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இத்தன பொட்டு யாருங்க வச்சது?"

"தங்கச்சிதாங்க."

மாப்பிள்ளை பானட்டை மூடினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தார். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்த எங்கள் வாசலுக்கு, முழங்கை வரை கரியோடு வந்து சேர்ந்தார். ஜன்னல் வழியே வசந்தா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். (பஸ்ஸில்.) என்ஜினில் ஒரு இடம் விடாமல் பொட்டு வைத்த பெண்ணை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை என்று மச்சான் பிற்பாடு சொன்னார்.

இப்போதும் ஆயுதபூஜைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனால், வண்டிக்குப் பொட்டு வைத்து முடிக்கும் வரை என் கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். கடைசியில் மச்சான் குங்குமத்தோடு வந்து என் நெற்றியில் ஒன்று வைப்பார்.

"இதையாவது திருப்பாம இரு மச்சான்."